வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடும் பெட்டி

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான்.

"லோகா அக்கா, இனிமே டெண்டர் பொட்டி கெடையாது. எல்லாம் ஆன்லைன்தான். நேரம் வந்தா அதுவே மூடிக்கும். புதுசா வந்த பிள்ளைங்களுக்குப் பழைய மொறை எப்பிடி இருந்துச்சின்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். நீங்கதான் எழுதணும்லா" என்றாள்.

பெட்டி போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அது கனத்த மரப்பெட்டி. இரண்டு முறை என் காலில் விழுந்திருக்கிறது. கட்டை விரல் நகம் ஒன்று இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. ஆனால் அந்தப் பெட்டியோடு ஒரு வெள்ளிக்கிழமை நான் பட்ட பாட்டை எழுதாமல் விட்டால் எனக்கே மனசு கேட்காது. அதனால் கவிதா கேட்ட ஒரு பக்கத்துக்குப் பதிலாக இத்தனை பக்கம். படிக்க நேரமில்லாதவர்கள் பசியாறும்போது படித்துக்கொள்ளலாம்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மலாக்காவின் விமான நிலையம் சின்னது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கு வந்து போகும் பயணிகள் விமானங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றபடி பறக்கப் பழகுகிற பிள்ளைகளின் குட்டி விமானங்கள் காலையிலிருந்து கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். கடல் தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேர் இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வருகிறவர்கள். ஒரு நோயாளியோடு நாலு சொந்தக்காரர்கள் வருவார்கள். நாலு பேருக்கும் பசிக்கும். பசித்தவர்கள் வாங்குவதற்குக் கடை வேண்டும். அந்தக் கடைகளுக்கான இடங்களை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, என்ன நிபந்தனையோடு கொடுப்பது என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

நான் பக்கத்திலுள்ள செங் என்ற ஊரில் வளர்ந்தவள். என் வயதுப் பெண்கள் எல்லாம் தொழிற்சாலைக்குப் போனபோது, தட்டச்சு தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னை இங்கே எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று வருடம் தட்டச்சு, அடுத்த நாலு வருடம் கோப்பு, அதற்குப் பிறகு வாடகைப் பிரிவு. கற்றுக்கொண்டது எல்லாம் அடிபட்டுத்தான். கடற்கரைப் பக்கத்து ஆன்ட்டி ஒருவர் சிஞ்சாலோக் விற்க இடம் கேட்டபோது நான்தான் சந்தோஷமாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். புளிக்கவைத்த கூனிறால் வெயிலில் இருந்தால் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் ஒரு பாட்டில் தானாகவே வெடித்தது. பயணிகள் மண்டபம் ஒரு வாரம் மணத்தது. அதற்கப்புறம்தான் எங்கள் ஒப்பந்தங்களில் 'புளிக்கும் பொருட்கள்' என்று ஒரு பிரிவு வந்தது. அந்தப் பிரிவுக்கு முழுப் பொறுப்பு நான்தான்.

என் மேலதிகாரி மிஸ்டர் ஞானரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில்வே கிளார்க்காக இங்கே வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம், திங்கட்கிழமை தவறாமல் ஏழே முக்காலுக்கு அலுவலகம். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். அவர் மேசையில் சீவல் அதிகமாக இருக்கிற நாட்களில் நாங்கள் யாரும் விடுப்புக் கேட்கப் போகமாட்டோம். எது சொன்னாலும் "எழுதித் தாங்கோ" என்பார். ஒரு முறை எனக்குத் தலைவலி என்றேன். அதற்கும் "எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். கீழே 'கண்டேன், ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கவும்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

டெண்டர் மூடுகிற நாளில் அவரைப் பார்க்கவேண்டும். மூடுகிற நாள் எப்போதும் வெள்ளிக்கிழமை, நேரம் மதியம் பன்னிரண்டு. அதற்குப் பிறகு பாதி அலுவலகம் தொழுகைக்குப் போய்விடும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். காலை எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் போட்டு நேரம் கேட்டு, சுவர்க் கடிகாரத்தை நாற்காலி போட்டு ஏறி அவரே சரிசெய்வார். எட்டரைக்குப் பெட்டியைத் திறந்து, வந்திருப்பவர்களுக்கு உள்ளே காட்டி, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று கணக்குப் பிரிவில். மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு காகிதம் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. விண்ணப்ப உறையைப் போடுகிறவர் யாராக இருந்தாலும் என் மேசையிலுள்ள பதிவேட்டில் பெயர், நேரம், கையொப்பம். நேரத்தை நான்தான் எழுதவேண்டும், அதுவும் அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் பென்சில் சீவத் தொடங்கிவிடுவார். பன்னிரண்டு ஆனதும் பெட்டியின் வாய்மேல் நாடா ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு கவர்னரே உறையோடு வந்தாலும் திரும்பிப் போகவேண்டியதுதான்.

இன்னொரு விதி உண்டு. மூடுகிற நாளில் அலுவலகத்து ஆட்கள் யாரும் விண்ணப்பக்காரர்களோடு வெளியே நின்று பேசக்கூடாது. ஒருவரிடம் சொன்னதை எல்லோரிடமும் சொல்லவேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமும் சொல்லக்கூடாது. இதை அவர் எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

கடை இடங்களில் ஒன்றைச் சிறு வியாபாரிகளுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்தோம். தள்ளுவண்டி, சாலையோரக் கடை, வீட்டுச் சமையல் என்று பிழைக்கிறவர்கள், வருமானம் குறைந்த குடும்பங்கள் மட்டுமே அதற்கு எழுதலாம். பெரிய கடைக்காரர்களோடு அவர்கள் போட்டி போடவேண்டியதில்லை. நல்ல திட்டம்தான். ஆனால் யாருக்குத் தேவையோ அவர்களுக்குச் சேதி போய்ச் சேராது. அதனால் அந்த வருடம் நான் படிவக் கட்டோடு ஊர் ஊராகப் போனேன். லூபோக் சீனா என்ற சிற்றூரில் ஒரு சனிக்கிழமை, பொது மண்டபத்தில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். அவர்தான் தனலெட்சுமி.

ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் சாலையோரத்தில் இருபது வருடமாக நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, பருப்பு வடை, காலையில் தோசை. கணவர் பெருமாள் அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு போனதால் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு கடையில் நின்றார். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், வருடக் கடைசிக்குள் கடையை எடுத்துவிடவேண்டும் என்று அவர்களுக்குக் கடிதம் வந்திருந்தது. வேறு இடம் கிடையாது. வேறு வருமானமும் கிடையாது.

"எங்களுக்கெல்லாம் ஏர்ப்போட்ல எடம் குடுப்பாங்களாலா? சும்மா காட்டிக்கிறதுக்குக் கூப்புடுறீங்களா?" என்று தனம் அக்கா கேட்டார்.

"எழுதிப் போட்டாத்தான்க்கா தெரியும். எழுதாதவங்களுக்கு நிச்சயமாக் கெடைக்காது" என்றேன்.

அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமைகள் நடந்த பயிற்சிக்கு அவர் வராமல் இருந்ததில்லை. படிவத்தில் 'கடையில் யார் நிற்பார்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். உண்மையை எழுதுங்கள் என்றேன். 'நான்' என்று ஒரே சொல்லை எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஒதுக்கிய இடத்துக்குப் பத்தரைக்குள் ஆறு உறைகள் விழுந்துவிட்டன. தனம் அக்காவின் உறை மட்டும் வரவில்லை. பதினொன்று அடித்தது. நான் பதிவேட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினொன்று பத்துக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது சன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில், முன்வாசலுக்கு நேரே, ஒரு பழைய நீல வேன். முன்னிருக்கையில் தனம் அக்கா. மடியில் பழுப்பு உறை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் பெருமாள் அண்ணன் ஒரு நாட்காட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

பத்தரைக்கு முன்னாலேயே வந்து போட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினார்களாம், பிற்பாடு சொன்னார்கள். வழியில் தங்கா பத்துவில் வேன் டயர் பஞ்சராகி, மாற்றி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாழ்க்கையிலேயே முக்கியமான காரியத்தை ராகு காலத்தில் போய்ச் செய்வார்களா? ராகு முடியட்டும், பன்னிரண்டு அடித்ததும் நல்ல நேரத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ராகு முடிகிற அதே நிமிடத்தில் இங்கே பெட்டியின் வாய் மூடிவிடும் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டு மணி வரை என்றால் பன்னிரண்டும் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார்கள்.

வெளியே ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் விதியை மீறியவள் ஆவேன், அவர் உறையும் செல்லாமல் போகும். நேரே மிஸ்டர் ஞானரத்தினத்தின் அறைக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "வெளியில போய்ச் சொல்ல ஏலாது, பிள்ளை. அது உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் சார். ஆனா அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்க. வாசல்லதான் ஒக்காந்திருக்காங்க."

"பெட்டி வாசல்ல இல்லை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. "சார், நீங்க நம்பலைன்னா பரவால்ல. அவங்க நம்புறாங்க. அதுக்காக இருபது வருசப் பொழப்புப் போவணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் பென்சிலை எடுத்தார். சரி, தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் சீவவில்லை.

"இந்த ராகு காலத்தை எப்படிக் கணக்குப் பார்க்கினம்?" என்று கேட்டார்.

"சூரியன் உதிக்கிறதுலேர்ந்து சார். பகலை எட்டாப் பிரிச்சா வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு."

"எத்தனை மணிக்கு உதிக்குதெண்டு வச்சிருக்கினம்?"

"ஆறு மணி."

"எந்த ஊர்ல?"

ஊரில் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற நாட்காட்டி அப்படித்தான் போட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துத்தான் நடக்கிறோம். மலாக்காவில் ஆறு மணிக்குச் சேவல்கூட எழுந்திருக்காது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. குட்டி விமானங்கள் வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே பறக்கலாம் என்பதால், அன்றன்றைய சூரிய உதயமும் மறைவும் தினமும் காலையில் அதில் எழுதப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கு உதயம் ஏழு இருபது. திரும்பி வந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டினார். ஆறிலிருந்து பத்தரைக்கு நாலரை மணி நேரம். ஏழு இருபதோடு நாலரையைச் சேர்த்தால் பதினொன்று ஐம்பது.

"உங்கட ராகு இந்தியாவில இருந்து வந்தவர், பிள்ளை. மணிக்கூட்டை மாத்த மறந்திட்டார்" என்றார். முப்பது வருடத்தில் அவர் பகடி பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சிரிக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

பிறகு ஒரு முழுத்தாளை எடுத்து மூன்று மொழியிலும் எழுதினார். தமிழில் இப்படி இருந்தது: 'விமான நிலைய வளாகத்தில் உள்ள எல்லா விண்ணப்பதாரர்களின் கவனத்துக்கும். இன்று மலாக்காவில் சூரிய உதயம் காலை மணி 7.20. இப்போது நேரம் காலை மணி 11.33. டெண்டர் பெட்டி சரியாக 12.00 மணிக்கு மூடப்படும். 12.00 மணி ஆனபின் எந்த உறையும் ஏற்கப்படாது.'

"எல்லாருக்கும் சொல்லுறம். பலகையில இருக்கிறதைத்தான் சொல்லுறம். நீங்கள் தமிழை வாசியுங்கோ. ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது" என்றார்.

ஒலிபெருக்கியில் அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு முறை வாசித்தார். காத்திருந்த பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்கு எழுதிப் போட்ட மலாய்க்கார அண்ணன் ஒருவர் சூரியன் எதற்கு என்று வானத்தைப் பார்த்தார். அடுத்து நான் வாசித்தேன். முடித்ததும் வேனைப் பார்த்தேன். அசைவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தாளை எடுத்து முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். சொல் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் இரண்டு தடவை.

பிற்பாடு பெருமாள் அண்ணன் சொன்னார். முதல் தடவை கேட்டபோது, ஏர்ப்போட்டுக்காரனுக்கு மூளை கெட்டுப்போச்சு என்று நினைத்தாராம். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் பென்சிலைத் தேடியிருக்கிறார். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தபோது பதினொன்று நாற்பத்திரண்டு. ராகு இன்னும் தொடங்கவே இல்லை. எட்டு நிமிடத்தில் தொடங்கப் போகிறது. தொடங்கினால் ஒன்று இருபது வரைக்கும் விலகாது.

"ஓடு தனம்" என்று அவர் போட்ட சத்தம் சன்னல் மூடியிருந்தும் எனக்குக் கேட்டது.

தனம் அக்கா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. அத்தனை ஓட்டத்திலும் வாசற்படி வந்ததும் ஒரு கணம் நின்று, வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து 11.46 என்று எழுதினேன். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் ஒரு புகார் வந்தது. ஆறு உறைக்காரர்களில் ஒருவர், வெளியூரில் ஏற்கனவே கடை நடத்துகிறவர், அவரும் நம்மவர்தான், மூன்று பக்கம் எழுதியிருந்தார். அலுவலக அதிகாரி ஒரு குறிப்பிட்ட விண்ணப்பதாரருக்கு ஒலிபெருக்கியில் ஜோசியம் சொன்னார், அதுவும் தமிழில் மட்டும் இரண்டு தடவை சொன்னார், ஆகவே பதினொன்று நாற்பத்தாறில் விழுந்த உறையைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்று. தமிழில் மட்டும் இரண்டு தடவை. தப்பு என்னுடையது. ஆனால் கடையை இழக்கப் போவது தனம் அக்கா.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மலாய் அம்மையார் வந்தார். மேசைக்கு ஒரு பக்கம் புகார்க்காரர், மறுபக்கம் தனம் அக்கா, நடுவில் நானும் மிஸ்டர் ஞானரத்தினமும். அம்மையார் என்னைத்தான் முதலில் கேட்டார். இரண்டு தடவை வாசித்தீர்களா?

வாசித்தேன் என்றேன். ஏன் என்று கேட்டால் பொய் சொல்வதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் அவர் கேட்பதற்குள் மிஸ்டர் ஞானரத்தினம் ஒரு கோப்பைத் திறந்து அவர்முன் வைத்தார். ஒலிபெருக்கி விதிகள். இந்த நிலையத்தில் எந்த அறிவிப்பானாலும் ஒவ்வொரு மொழியிலும் இரண்டு தடவை வாசிக்கவேண்டும்.

"அன்றைக்கு விதிப்படி வாசித்தவர் இவர் ஒருவர்தான்" என்று மலாயில் சொன்னார். "மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஒரு தடவை வாசித்தது நான். அது என் தவறு. எனக்கே எச்சரிக்கைக் கடிதம் எழுதி என் கோப்பில் சேர்த்துவிட்டேன். நகல் இணைப்பில் இருக்கிறது."

இருந்தது. 'அனுப்புநர்: ஞானரத்தினம். பெறுநர்: ஞானரத்தினம்.' கீழே 'கண்டேன், இனி கவனமாக இருப்பேன்' என்று இன்னொரு கையெழுத்து வேறு. அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புகார்க்காரர் விடவில்லை. "டெண்டரில் சூரிய உதயத்துக்கு என்ன வேலை?" என்றார்.

மிஸ்டர் ஞானரத்தினம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "பெட்டி எட்டரைக்குத் திறந்தது. நீங்கள் எட்டே காலுக்கே வந்து பெட்டியைக் கவிழ்த்துக் காட்டியதைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உறையைப் போட்டது பத்து இருபத்தொன்றுக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

புகார்க்காரர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தனம் அக்காவுக்கும் விளங்கிவிட்டது.

"நல்ல நேரம் பாத்திருப்பாரும்மா" என்றார் தனம் அக்கா, குற்றமாகச் சொல்லாமல், ஒத்தாசையாக. "அன்னைக்கு ஒம்போதரைலேர்ந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அவரு டயர் பஞ்சராவல. எங்களுக்கு ஆயிருச்சி."

நான் மொழிபெயர்த்தேன். அம்மையார் இம்முறை அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். புகார்க்காரருக்கும், பாவம், சிரிப்பு வந்துவிட்டது. நேரமும் உதயமும் எல்லோருக்கும் சொல்லப்பட்டன, உறை நேரத்துக்குள் விழுந்தது, புகார் தள்ளுபடி என்று அம்மையார் அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

உறைகளைப் பிரித்து மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். நான் அதில் இல்லை. ஒதுக்கிய இடத்துக்கு ஒரு நிபந்தனை, பெயர் கொடுத்தவரே கடையில் நிற்கவேண்டும். ஆறு பேர் அந்தக் கட்டத்தில் வேலையாட்கள், மேலாளர், மைத்துனர் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஏழாவது உறையில் 'நான்' என்று இருந்தது. கடை தனம் அக்காவுக்குப் போனது. சேதி சொல்ல நான் போன் பண்ணியபோது மறுமுனையில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெருமாள் அண்ணன் வாங்கி, "அவ அழுவுறாம்மா. வட கருகுது. அப்பறமாப் பேசுறோம்" என்று வைத்துவிட்டார்.

சாலையோரக் கடையை எடுக்கவேண்டிய கெடுவுக்கு மூன்று வாரம் முன்னாலேயே புதுக் கடை திறந்தார்கள். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கழுவுதொட்டி, இழுத்து மூடும் இரும்புக் கதவு. முதல் விமானத்தில் இறங்கிய நோயாளிக் குடும்பம் ஒன்று நாசி லெமாக் பொட்டலம் ஒன்பது வாங்கியது. பறக்கப் பழகுகிற பிள்ளைகள் வடைக்கு வரிசையில் நின்றார்கள். மிஸ்டர் ஞானரத்தினம் பத்து மணிக்கு வந்து ஒரு தோசை சாப்பிட்டார். நன்றாக இருக்கிறதா என்று தனம் அக்கா கேட்டதற்கு, வழக்கம்போல எழுதிக் கொடுத்தார். 'மிக நன்று' என்று. அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார் அக்கா.

சாயங்காலம் ஐந்தரைக்கு நான் வீட்டுக்குக் கிளம்பினேன். கார் நிறுத்துமிடத்தில் நீல வேன் பின்கதவு திறந்து நின்றது. பெருமாள் அண்ணன் வலிக்கிற முதுகைப் பிடித்துக்கொண்டு அடுப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். தோம்பு என்று நாங்கள் சொல்லும் கேஸ் சிலிண்டர் ஏறியாகிவிட்டது. சட்டி, தோசைக்கல், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, அரிசி மூட்டை, சாமிப் படம், எல்லாம் உள்ளே. எங்கள் அலுவலகத்துக் குப்பைத்தொட்டி ஒன்றும் அதில் இருந்தது. தனம் அக்கா கடைசி வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

நான் அவரிடம் ஓடினேன். "என்னக்கா, என்ன ஆச்சு? ஏன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "மணி ஆச்சில்ல. கடைய எடுத்து வைக்கிறோம்."

இருபது வருடம். காலையில் இறக்கி, மாலையில் ஏற்றி. ஒரு கரண்டியை ராத்திரி விட்டுப்போனாலும் காலையில் இருக்காது. கடை முடிந்தது என்றால் எல்லாவற்றையும் வேனில் ஏற்றுவது என்றுதான் அவர்கள் கைக்குத் தெரியும். வேறு விதமாகவும் ஒரு நாள் முடியலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

"அக்கா, அது உங்க கட. கதவு இருக்கு. பூட்டிட்டுப் போங்க. எல்லாம் உள்ளயே இருக்கட்டும்" என்றேன்.

தனம் அக்கா திரும்பிக் கடையைப் பார்த்தார். பெருமாள் அண்ணன் அடுப்பைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வர வர, ஏற்றியதை எல்லாம் திரும்ப இறக்கினோம். நானும் நாற்காலி தூக்கினேன். குப்பைத்தொட்டி அதன் இடத்துக்குப் போனது.

தனம் அக்கா இரும்புக் கதவை இழுத்து மூடிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, அவற்றில் ஒன்றும் இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுங்கையோடு வேனில் ஏறி உட்கார்ந்தார்.